ஒரே குடும்பம், மூன்று கேபின்: க்ரூஸ் செக்-இனில் முன்னுரிமை யாருக்குப் போய்ச் சேரும்?

மயாமியிலிருந்து கிளம்பும் ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற க்ரூஸ் (சுற்றுலா) கப்பலில், அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600. பிள்ளைகளோடு வரும் விடுமுறைக் காலத்தில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பத் தொடங்கிவிடும். அத்தனை பேரும் ஒரே நாளில், காலை பத்தரை மணி வாக்கில் தொடங்கிப் பிற்பகலுக்குள், ஒரே கட்டடத்தின் வழியாகக் கப்பலுக்குள் போயாக வேண்டும். அதனால்தான் முன்னுரிமை செக்-இன் என்ற சலுகைக்கு இவ்வளவு மவுசு.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் குடும்பங்கள் க்ரூஸ் போடும்போது ஒரு அமைப்பு அடிக்கடி வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு சூட், அதாவது பெரிய உயர் வகுப்பு அறை. மகளுக்கும் மருமகனுக்கும் பால்கனி அறை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எதிரே ஜன்னல் இல்லாத இன்சைடு அறை. ஆறு பேர், மூன்று கேபின், மூன்று விலை. பணத்தைச் சரியாகச் செலவழிக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் "சூட் எடுத்திருக்கிறோமே, எல்லாரும் அந்த வரிசையிலேயே போய்விடலாம்" என்று நம்பி வருகிறவர்கள் டெர்மினல் வாசலில் திகைத்து நிற்பார்கள். தாத்தா பாட்டியை ஒரு பக்கம் கூப்பிடுவார்கள், மற்ற நான்கு பேரை இன்னொரு பக்கம் கை காட்டுவார்கள். பெரியவர்கள் இருவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது, பாஸ்போர்ட் எல்லாம் மகளின் கைப்பையில் இருக்கும். சலுகையே சங்கடமாகிப் போகும் இடம் அது.

சூட்டின் முன்னுரிமை அந்தக் கேபின் எண்ணில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் அது பக்கத்து அறைக்குத் தாவாது. இந்த ஒன்றைப் பணம் கட்டுவதற்கு முன் மனதில் வாங்கிக்கொண்டால், மீதி எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்துவிடலாம்.

முன்னுரிமை மூன்று வழியாக வரும். மூன்றும் ஒட்டும் விதம் வேறு வேறு.

முதலாவது, அறையின் வகுப்பால் வருவது. சூட் அறை எடுத்தால் பெரும்பாலான க்ரூஸ் நிறுவனங்களில் தனி வரிசை உண்டு. நார்வீஜியனில் தி ஹேவன், எம்எஸ்சியில் யாட் கிளப் ஆகியவை கப்பலுக்குள் ஒரு தனிக் கப்பல் போல நடப்பவை. காத்திருக்கும் இடம், நுழைவு, சாப்பாடு எல்லாமே தனி. செலிப்ரிட்டியில் சூட் வரை போகாமல், கன்சியர்ஜ் கிளாஸ் என்ற பால்கனி வகுப்பிலேயே முன்னுரிமை செக்-இன் கிடைக்கும். இவை எல்லாம் அந்த அறையில் பெயர் பதிவானவர்களுக்கு மட்டும்.

இரண்டாவது, பழைய பயணங்களால் வருவது. ராயல் கரீபியனின் கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டியில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் அறையில் இரண்டு. 30 புள்ளியில் பிளாட்டினம், 55-ல் எமரால்டு, 80-ல் டைமண்ட், 175-ல் டைமண்ட் பிளஸ், 700-ல் பினக்கிள். இது ஆளோடு ஒட்டுவது. ஒரே முகவரியில் வாழும் கணவன் மனைவி ஒரே நிலையைப் பகிர்ந்துகொள்ளலாம், 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரின் நிலை கிடைக்கும். தாத்தா பாட்டிக்கு இந்தப் பகிர்வு வராது. பிள்ளைகளின் உறுப்பினர் எண்ணைப் பெற்றோரின் எண்ணோடு சேர்க்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். தானாக நடக்கும் என்று விட்டுவிட்டால் போர்டிங் பாஸில் பெற்றோருக்கு ஒரு நிலையும் பிள்ளைக்கு வேறொன்றும் அச்சாகி வரும்.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்குவது. இதில்தான் குடும்பங்கள் கணக்குத் தவறவிடுகின்றன. கார்னிவலின் ஃபாஸ்டர் டு தி ஃபன் ஓர் அறைக்கு ஒரு விலை. அறையில் இரண்டு பேர் இருந்தாலும் நான்கு பேர் இருந்தாலும் அதே தொகை. ராயல் கரீபியனின் தி கீ தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று போகும். அதுவும் அறையில் ஒருவர் வாங்கினால் 6 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாரும் வாங்கியாக வேண்டும். ஆகவே நான்கு பேர் ஒரே அறையில் இருந்தால் கார்னிவல் முறை லாபம். அதே நான்கு பேர் இரண்டு அறையாகப் பிரிந்தால் அதை இரண்டு முறை வாங்க வேண்டும். தி கீயில் நேர்மாறு நடக்கும். பிரிந்து இருப்பதால் தேவையானவர் உள்ள அறைக்கு மட்டும் வாங்கி நிறுத்திக்கொள்ளலாம். இரண்டுமே குறைந்த எண்ணிக்கையில் விற்பவை, புறப்படும் தேதி நெருங்கும்போது தீர்ந்துபோகும். விலையும் பயணத்துக்குப் பயணம் மாறும்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். சூட் அறையில் இருப்பவருக்கு வேறு எந்த முன்னுரிமையும் தேவையில்லை. பிறகு ஏன் டைமண்ட் உறுப்பினரையும் அதே அறையில் போட வேண்டும்? இரண்டு சலுகையை ஒரே கதவுக்குப் பின்னால் குவித்தால் ஒன்று வீண். பழைய பயணப் புள்ளிகள் உள்ள ஒருவரைக் காகிதத்தில், அதாவது புக்கிங் பதிவில், இன்சைடு அறைக்கு, பிள்ளைகளோடு சேர்த்துப் பதிவு செய்தால் அந்த அறையிலும் ஒருவருக்கு முன்னுரிமை வந்து சேரும். அறையில் உடன் இருப்பவர்களுக்கும் அந்தச் சலுகை நீளுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிள்ளைகள் அவருடைய சொந்தப் பிள்ளைகளாக இருந்து, உறுப்பினர் எண்களும் சேர்க்கப்பட்டிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

காகிதத்தில் ஒரு அறை, படுப்பது வேறு அறை என்பது க்ரூஸ் உலகில் சாதாரண வழக்கம். கப்பலில் ஏறியதும் கெஸ்ட் சர்வீசஸ் மேசைக்குப் போய், எதிர் அறைக்கு ஒரு கூடுதல் சாவி அட்டை கேட்டால் கொடுப்பார்கள். பெற்றோர் இருவரும் அங்கே போய் நிற்பது நல்லது. ஆனால் அந்தச் சாவி கதவைத் திறக்கும், அவ்வளவுதான். சூட் லவுஞ்சுக்குள்ளோ கோஸ்டல் கிச்சன் என்ற சூட் உணவகத்துக்குள்ளோ போகும்போது அவரவர் சொந்த அட்டைதான் கணக்கு. இன்சைடு அறையில் பெயர் இருப்பவர் சூட்டில் படுத்துத் தூங்கலாம், சூட் லவுஞ்சில் காபி குடிக்க முடியாது.

பெயர்களை எப்படிப் பிரிப்பது என்பதற்கு வயதுக் கட்டுப்பாடும் உண்டு. ராயல் கரீபியனில் வட அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து போகும் பயணங்களுக்கு, ஒவ்வொரு அறையிலும் 21 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும். ஆசியப் பயணங்களுக்கு அது 18. பெற்றோரின் அறைக்குப் பக்கத்திலோ நேர் எதிரிலோ பிள்ளைகளின் அறை இருந்தால் விலக்கு தருவார்கள். இந்த விலக்கை நம்பிப் பதிவு செய்திருக்கும் குடும்பம் ஒரு விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது ஏலம்.

ராயல்அப் போன்ற திட்டங்களில் கூடுதல் தொகை எழுதிக் கொடுத்து மேல் வகுப்பு அறைக்குக் காத்திருக்கலாம். கிடைத்தால் அந்த அறைக்கு உரிய சூட் சலுகைகளும் கிடைக்கும். ஆனால் எந்தத் தளம், எந்த மூலை என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பெற்றோர் 8-ஆம் தளத்தில் பிள்ளைகளுக்கு எதிரே இருந்தவர்கள், ஏலம் பலித்து 12-ஆம் தளத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் கீழே தனியாக. அதைத் திருப்பித் தர முடியாது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் கேரண்டி அறைகளிலும் இதே சிக்கல், அறை எண்ணை அவர்கள்தான் ஒதுக்குவார்கள். சின்னப் பிள்ளைகள் தனி அறையில் இருக்கும் குடும்பம் இந்த இரண்டையும் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டே ஆக வேண்டும் என்றால் பெற்றோரில் ஒருவரைக் காகிதத்திலும் பிள்ளைகளின் அறையில் போட்டுவிட்டு, தாத்தா பாட்டியின் அறைக்கு மட்டும் ஏலம் கேளுங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ராயல் கரீபியனில் ஓர் அறையில் உள்ள 21 வயது நிரம்பியவர்களில் ஒருவர் மதுபானப் பேக்கேஜ் வாங்கினால், அதே அறையில் உள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும். குடிக்காத பாட்டியோடு மருமகனைக் காகிதத்தில் சேர்த்துவிட்டால், பாட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டச் சொல்லும். அறைப் பங்கீட்டை முன்னுரிமைக்காக மாற்றும்போது இதையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

பெயர்களை அறைக்கு அறை மாற்றுவதை முழுத்தொகை கட்டும் கெடுவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ராயல் கரீபியனில் 5 இரவும் அதற்கு மேலும் உள்ள பயணங்களுக்கு அது 90 நாள் முன்னால், 4 இரவு வரை 75 நாள் முன்னால். கெடு கடந்தபின் மாற்றக் கேட்டால் அன்றைய விலைக்கு மறுபடி கணக்குப் போடலாம். முதல் இரண்டு பேருக்கு ஒரு விலை, மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைந்த விலை என்பதுதான் க்ரூஸ் கட்டண அமைப்பு. ஆள் இடம் மாறினால் விலையும் இடம் மாறும்.

புக்கிங்குகளை இணைப்பது பற்றி ஒரு வார்த்தை. ஏஜென்ட்டிடம் சொன்னால் மூன்று புக்கிங் எண்களையும் ஒன்றோடொன்று இணைத்து வைப்பார். கட்டாயம் செய்ய வேண்டியது, ஏனென்றால் சாப்பாட்டு மேசை ஒன்றாகக் கிடைக்கும், ஒரே நேரப் பந்தியில் உட்கார வைப்பார்கள். இணைத்துவிட்டதாலேயே சூட்டின் முன்னுரிமை மற்ற இரண்டு அறைக்கும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது.

ஆனால் கேட்டால் கிடைப்பதும் உண்டு. செக்-இன் வரிசை என்பது மனிதர்கள் நிர்வகிக்கும் இடம். முதியவர்களும் குழந்தைகளும் சேர்ந்த குடும்பத்தைப் பிரிக்க வேண்டாம் என்று நினைக்கும் ஊழியர்கள் நிறையப் பேர். ஆனால் அது அவர்கள் விருப்பம், நம் உரிமை கிடையாது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஏஜென்ட் மூலம் இப்படிக் கேட்கலாம்: "இந்த மூன்று புக்கிங்கும் இணைக்கப்பட்டவை. சூட் அறையில் இருப்பவர்கள் என் பெற்றோர், அவர்களுக்கு மொழி உதவி தேவை. ஆறு பேரும் ஒரே கவுன்டரில் செக்-இன் செய்ய முடியுமா? பதிலை எழுத்தில் அனுப்புங்கள்." எழுத்தில் வந்த பதிலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னதை டெர்மினல் ஊழியருக்குக் காட்ட முடியாது. அவர் பெரும்பாலும் துறைமுகத்தில் அன்றைக்கு வேலைக்கு வந்தவர், தலைமை அலுவலகத்தின் போன் பேச்சு அவர் திரையில் வராது.

அடுத்தது வருகை நேரம். என் மதிப்பில் முன்னுரிமை அட்டையைவிடக் குடும்பத்துக்குப் பெரிதும் உதவுவது இதுதான்.

இணையத்தில் செக்-இன் செய்யும்போது டெர்மினலுக்கு எப்போது வருவீர்கள் என்று ஒரு நேரம் தேர்ந்தெடுக்க வேண்டும். ராயல் கரீபியனில் இது 45 நாள் முன்னால் திறக்கும், நார்வீஜியனில் 21 நாள். டிஸ்னியில் முதல் முறை வருகிறவர்களுக்கு 30 நாள் முன்னால், பழைய பயணிகளுக்கு அவர்கள் நிலையைப் பொறுத்து 33, 35, 38 என்று முன்னதாக, கன்சியர்ஜ் அறைக்கும் பேர்ல் உறுப்பினருக்கும் 40. கலப்பு அறைக் குடும்பத்துக்குச் சிக்கல் எங்கே வருகிறது என்பதைப் பாருங்கள். ஒரே கப்பல், ஒரே குடும்பம், ஆனால் ஒரு அறைக்கு 40-வது நாளிலும் மற்றொன்றுக்கு 30-வது நாளிலும் கதவு திறக்கிறது. முன்னதாகத் திறக்கும் அறைக்கு ஆசைப்பட்டு 11 மணியைப் பிடித்துவிட்டால், பத்து நாள் கழித்து மற்ற அறைக்கு 11 மணி மிச்சம் இருக்காது. சில நிறுவனங்களில் சூட் பயணிகள் எந்த நேரத்திலும் வரலாம். அப்படிப்பட்ட இடத்தில் சூட்டின் நேரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், பால்கனிக்கும் இன்சைடுக்கும் கிடைக்கும் நேரத்துக்குத் தாத்தா பாட்டியும் சேர்ந்து வந்துவிடலாம்.

தனித்தனி புக்கிங் என்றால் தனித்தனி செக்-இன். அதனால் கதவு திறக்கும் நாளில் இரண்டு போனில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரே சமயத்தில் ஒரே நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு அறையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் அதற்குள் அந்த நேரம் நிரம்பிவிடலாம். பாஸ்போர்ட் எண், காலாவதித் தேதி, அவசரத் தொடர்பு, கிரெடிட் கார்டு, வெற்றுச் சுவர் முன்னால் எடுத்த முகப்படம் என்று எல்லாவற்றையும் முந்தின நாளே தயார் செய்துவையுங்கள். குழந்தையின் படம்தான் அடிக்கடி நிராகரிக்கப்படும். பின்னால் பெற்றோரின் கை தெரிந்தால், முகம் திரும்பியிருந்தால் ஏற்காது. படுக்கை விரிப்பின் மேல் கிடத்தி மேலிருந்து எடுத்தால் வந்துவிடும். ஒருவர் படம் நிலுவையில் இருந்தாலும் டெர்மினலில் அவருக்காக எல்லாரும் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்.

கப்பல் ஏறும் நாளில் நாம் கடப்பது ஒரே ஒரு வரிசை கிடையாது. பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுப்பது, பாதுகாப்புச் சோதனை, ஆவணச் சரிபார்ப்புக் கவுன்டர், ஏறும் முறைக்குக் காத்திருப்பது என்று நான்கு கட்டம். முன்னுரிமை உறுதியாக வேலை செய்வது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். எக்ஸ்-ரே வரிசையில் பல டெர்மினல்களில் எல்லாரும் ஒன்றுதான்.

கவுன்டரில் நம்மவர்களுக்கு நேரம் பிடிப்பது ஆவணத்தால். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு அமெரிக்க பாஸ்போர்ட், பெற்றோருக்கு இந்திய பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும், தாத்தா பாட்டிக்கு பி-2 சுற்றுலா விசா. மூன்று வகையையும் ஊழியர் கையால் புரட்டிப் பார்க்க வேண்டும். முகத்தைப் படம் பிடித்ததும் விடும் வேக வழிகள் இவர்களுக்குப் பெரும்பாலும் உதவாது. ஒவ்வொருவர் ஆவணத்தையும் தனித்தனி ஒளிபுகும் உறையில் போட்டு, அறை வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். தாத்தா பாட்டியின் உறை அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

எச்-1பி வேலை விசாவிலோ, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாவிலோ இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, ஐ-797 அனுமதிக் கடிதம் மட்டும் இருந்தால், 30 நாளுக்குள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்த் திரும்ப உதவும் சலுகை கரீபியன் தீவுகளுக்குச் செல்லாது. பக்கத்துத் தீவுகளுக்கான சலுகை எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றப் பயணி) விசாக்காரர்களுக்கு மட்டும். பஹாமாஸ் மூன்று நாள் பயணம்தானே என்று டிக்கெட் போட்டவரைக் கவுன்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். எந்த முன்னுரிமை வரிசையும் இதைத் தாண்டாது. விசா முத்திரையின் தேதியை அறை விலை பார்ப்பதற்கு முன் பாருங்கள்.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சூட்டின் முன்னுரிமையைவிட நன்றாக உதவுவது சக்கர நாற்காலி உதவி. இலவசம். முன்கூட்டியே சிறப்புத் தேவைப் படிவத்தில் பதிவு செய்ய வேண்டும். டெர்மினல் வாசலிலிருந்து கப்பல் வரை ஊழியர் தள்ளிக்கொண்டு போவார், பாதுகாப்புச் சோதனையிலும் தனி வழி கிடைக்கும். உடன் பெரும்பாலும் ஒருவரைத்தான் விடுவார்கள், அதனால் ஆவணம் வைத்திருக்கும், மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அந்த நாற்காலி கப்பலுக்குள் வைத்துக்கொள்ளக் கிடைக்காது. உண்மையில் தேவை உள்ளவர்கள் மட்டும் கேளுங்கள். நாற்காலிகள் எண்ணிக்கையில் குறைவு, ஒருவர் தேவையில்லாமல் எடுத்தால் முட்டி வலியோடு வந்த வேறொரு பாட்டி நின்றுகொண்டிருப்பார்.

வரிசையில் முன்னுரிமை கேட்கும்போது ஆறு பேரும் மொத்தமாகப் போய் நிற்க வேண்டாம். மற்றவர்கள் பொது வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கட்டும். ஒருவர் மட்டும் சூட் பயணிகளோடு தனி வரிசையின் வாசலில் நிற்கும் ஊழியரிடம் போய், எழுத்தில் உள்ள பதிலைக் காட்டிக் கேளுங்கள். சரி என்றால் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். முடியாது என்றால் யாருடைய இடமும் பறிபோகவில்லை.

பெட்டி டேக் சின்ன விஷயம் போலத் தெரியும். தாளில் அச்சிட்டு, கோடு போட்ட இடத்தில் நான்காக மடித்து, கைப்பிடியில் சுற்றி ஸ்டேப்ளர் அடிப்பார்கள். மழையில் நனைந்தால் கிழிந்துவிடும், சிறிய பிளாஸ்டிக் உறையில் போடுவது நல்லது. டேக்கில் கொட்டை எழுத்தில் இருப்பது அறை எண். போர்ட்டர் அதை மட்டும் பார்த்துத் தளவாரியாகக் கூண்டு வண்டியில் போடுவார், பல கப்பல்களில் சூட் பெட்டிகள் தனிக் கூண்டில் போய் முதலில் வந்து சேரும். கடைசி நாட்களில் அறை மாறினால், ஏலம் பலித்தாலும் சரி, நிறுவனமே மாற்றினாலும் சரி, பழைய டேக்கைப் பிய்த்துவிட்டுப் புதிதாக அச்சிட வேண்டும். முந்தைய டேக்கோடு போன பெட்டி யாரோ ஒருவர் கதவுக்கு வெளியே இரவு வரை காத்திருக்கும். சாயங்காலமே தேவைப்படும் துணிகளைச் சூட் டேக் போட்ட பெட்டியில் வைத்து அனுப்புவது ஒரு நல்ல உத்தி. தாத்தாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் மட்டும் எந்தப் பெட்டியிலும் போகக் கூடாது. பெட்டிகள் இரவு எட்டு மணிக்கு வரலாம். மாத்திரை, பாஸ்போர்ட், பிள்ளைகளின் நீச்சல் உடை, ஒரு மாற்றுத்துணி இவை கைப்பையில்.

சீக்கிரம் ஏறிவிட்டால் அறை உடனே கிடைத்துவிடாது. பெரும்பாலும் பிற்பகல் ஒரு மணி, ஒன்றரை ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தைக் குழந்தைகள் கிளப்பில் பதிவு செய்யவும், பந்தி நேரத்தை மாற்றிக்கொள்ளவும், சாவி அட்டை வாங்கவும் பயன்படுத்தினால்தான் முன்னுரிமைக்குக் கொடுத்த காசு பலிக்கும். பஃபே மாடியில் நூறு பேரோடு மேசை தேடுவதற்கு அவசரமாக ஏற வேண்டியதில்லை.

மறு எல்லையையும் மறக்கக் கூடாது. அமெரிக்கத் துறைமுகங்களில் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே பயணிகள் பட்டியலை அரசுக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் செக்-இன் 60 முதல் 90 நிமிடம் முன்னால் மூடிவிடும். அன்று காலை விமானத்தில் வந்திறங்கி நேரே துறைமுகம் போகும் திட்டம் முதியவர்களோடு வேண்டவே வேண்டாம்.

ஏறியதும் முதலில் கவனிக்க வேண்டியது மஸ்டர் நிலையம், ஆபத்து வந்தால் போய்க் கூட வேண்டிய இடம். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற க்ரூஸ் கப்பல் கவிழ்ந்தபோது, அன்று புதிதாக ஏறியவர்கள் பலர் அங்கே கூடும் பாதுகாப்புப் பயிற்சியை இன்னும் பெற்றிருக்கவில்லை. 2015 முதல் சர்வதேச விதி மாறி, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். இந்த நிலையம் அறை எண்ணை வைத்து ஒதுக்கப்படுவது. மூன்று அறைக்கு மூன்று நிலையம் வரலாம், ஒன்று கப்பலின் முன்பக்கம், மற்றொன்று பின்பக்கம். ஆறு பேரின் அட்டையையும் மேசையில் வரிசையாக வைத்து, அச்சாகியிருக்கும் நிலைய எண்ணைப் பாருங்கள். வேறுபட்டால் யார் எந்தப் பிள்ளையோடு எங்கே போவது என்று அன்றைக்கே பேசி முடிவு செய்து, அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். பெற்றோரில் ஒருவரைக் காகிதத்தில் பிள்ளைகளின் அறையில் போடச் சொல்வதற்கு முன்னுரிமையைவிட முக்கியமான காரணம் இதுதான். குழந்தைகள் கிளப்பில் சேர்த்தால் நிலையத்தைக் குறிக்கும் கைப்பட்டை தருவார்கள், பயணம் முடியும் வரை கழற்றக் கூடாது.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்குச் சிறு வேறுபாடு. மரீனா பே க்ரூஸ் சென்டரோ ஹார்பர்ஃபிரண்டோ, கப்பலில் ஏறும் முன் சிங்கப்பூர் குடிநுழைவைக் கடக்க வேண்டும். கப்பல் நிறுவனத்தின் முன்னுரிமை கவுன்டரோடு முடிந்துவிடும், குடிநுழைவு வரிசையை அது குறைக்காது. கெண்டிங் ட்ரீம் கப்பலில் தி பேலஸ் சூட் எடுத்தவர்களுக்குத் தனிக் கவுன்டர் உண்டு, கீழ் வகுப்பு அறையில் உள்ள உறவினர்களுக்கு அது பொருந்தாது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போகிறவர்களின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும், கப்பல் பினாங்கு போய்த் திரும்பும்போது அது மறுபடி ஒரு நுழைவு. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கட்டும்.

கிராண்ட் கேமன், பெலிஸ் சிட்டி போன்ற இடங்களில் கப்பல் கரையில் கட்டாது, சிறு படகில்தான் போக வேண்டும். அங்கேயும் சூட் பயணிகளை முதலில் அனுப்புவார்கள், குடும்பம் மறுபடி பிரியும். இங்கே தாத்தா பாட்டி முன்னுரிமையை விட்டுவிட்டு மற்றவர்களோடு பொதுப் படகுச் சீட்டு வாங்கிப் போவதே எளிது. நிழலில்லாத கரையில் முக்கால் மணி நேரம் காத்திருப்பதைவிடக் கப்பலில் ஏசியில் காத்திருக்கலாம்.

இறங்கும் நாளுக்கு முந்தைய மாலை, ஒவ்வொரு அறைக்கும் எண்ணோ நிறமோ உள்ள பெட்டி டேக் வரும். சூட்டுக்குப் பெரும்பாலும் முன் எண் கிடைக்கும், மற்ற அறைகளுக்குப் பின் எண் வரலாம். எண் கூப்பிடும் வரிசையில்தான் இறங்க வேண்டும், பெட்டியும் கீழே அந்த எண்ணுள்ள இடத்தில்தான் இருக்கும். அன்று மாலை ஆறு மணிக்குள் கெஸ்ட் சர்வீசஸ் போய், மூன்று அறைக்கும் ஒரே எண் கேளுங்கள். மேசையிலேயே மாற்று டேக்குகள் கட்டாக இருக்கும், பெரும்பாலும் மறுக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் போனால் அங்கே நீண்ட வரிசை நிற்கும், முன் எண்களும் தீர்ந்திருக்கும்.